தாய்மாமன் மடி

இப்போது அம்மாவும் கராச்சியில் இருக்கும் அவளுடைய அண்ணனும் காலையில் பல் தேய்த்த கையோடு வீடியோ காலில் சண்டையைத் தொடங்கிவிடுகிறார்கள். சாம்பாரில் வெல்லம் போடலாமா, கூடாதா என்று அரைமணி நேரம் இழுப்பார்கள். கேட்டால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது. என் சிறு வயதில் அம்மாவுக்கு இந்தப் பாக்கியம் இருந்ததில்லை.

அம்மா கராச்சியில் பிறந்தவள். பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கல்யாணமாகி மும்பை தாராவிக்கு வந்தாள். ஒரே அண்ணன் அந்தப் பக்கம் நின்றுவிட்டார். எங்களில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். என் மாமாவுக்கோ விசா கிடைக்கவில்லை. அம்மா ஆசாரிக்குச் சொல்லிவைப்பாள், விசா வராது, அவரைத் திருப்பி அனுப்புவாள். என் வயதுப் பிள்ளைகள் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு திரிய, நான் மட்டும் மூளிக் காதோடு நின்றேன். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளையான என்னை 'லட்கா', பையன் என்றே கூப்பிட்டார்கள். முகம் பார்க்காத மாமாமேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

அப்பாவின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, தேவ்நார்ல ஒன் ஒண்ணுவிட்ட அண்ணன் இருக்காம்லா? அவன் மடியில வச்சுக் குத்தேன். பிள்ளைய இப்பிடி நிறுத்தி வச்சிருக்கியே!”

“மடின்னா அது எங்க அண்ணன் மடிதான் மதினி.”

குழாயடியில்கூட விட்டுக்கொடுத்துப் போகிறவள், இதில் மட்டும் மசியவில்லை.

நான் ஆறாவது படிக்கும்போது, எஸ்டிடி பூத்திலிருந்து கராச்சிக்குப் பேசியபோது மாமாவே சொன்னார். நானும் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். “இனி நான் வந்தாப்புலதான். பிள்ளையக் காக்கப் போடாத. நான் கட்டுன வேட்டிய அனுப்புதேன், அத விரிச்சுக் குத்துங்க.”

அப்பாவின் தையல் பட்டறைக்குத் துணி கொடுக்கும் உல்லாஸ்நகர் சிந்திக்காரரும் கராச்சியில் பிறந்தவர். அவருடைய தம்பி துபாய் வழியாக அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாமா கட்டிய வேட்டி. துவைக்காமல் அனுப்பியிருந்தார். அம்மா அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுத அழுகையில், மாமாமேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு வடிந்துவிட்டது.

காது குத்தும் நாளில், தேவ்நார் மாமா புதுச் சட்டை போட்டு மனையில் உட்காரத் தயாராக வந்து நின்றார். வேட்டியை அவர் மடியில் விரிக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. அம்மா நேரே போய் மனையில் தானே உட்கார்ந்தாள். வேட்டியைத் தன் மடியில் விரித்தாள்.

“பொம்பள மடியிலயா?” என்றாள் அத்தை.

அம்மா என்னை இழுத்து உட்காரவைத்தாள். வளர்ந்த பிள்ளை, என் கால்கள் தரையில் இடித்தன. ஆசாரி குத்தியபோது வேட்டியின் முனையை அவள் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பூத்துக்குப் போனோம்.

“குத்தியாச்சா?” என்றார் மாமா. “யாரு மடியில வச்சுக் குத்துனிய?”

“ஒம் மடியிலதான் அண்ணே,” என்றாள் அம்மா.