எல்லார் முன்னாலும் எடை

மகளைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போனபோது, மிஸ் அவளுடைய எடையை வகுப்புக்கே கேட்கும்படி படித்துக்கொண்டிருந்தார். இன்னுமா இதை விடவில்லை என்று எரிச்சலாக வந்தது.

எங்கள் மலையூரான பண்ணைக்காட்டில் நான் ஐந்தாவது படிக்கையில், ஊட்டச்சத்துப் பாடம் நடத்திய டீச்சர் குண்டான என்னையும் ஒல்லியான செல்வியையும் எல்லார் முன்னாலும் எடை போட்டார். "இவ திங்கிறது அதிகம், அவ திங்கிறது கம்மி" என்றார். வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் மதியச் சோற்றைத் தொடவில்லை.

காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மா, சேதி கேட்டு நேரே பள்ளிக்கு வந்தாள்.

"புள்ளைய நிறுத்துப் பாக்க இதென்ன காப்பிக் கொட்டையாங்க டீச்சர்?"

"நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்."

"அதத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

டீச்சர் கோபித்துக்கொண்டு எடை மெஷினையே பூட்டி வைத்துவிட்டார். நான் மறுபடி சாப்பிட ஆரம்பித்தேன். பல நாள் அடுப்பே எரியாத வீட்டிலிருந்து வந்த செல்வியை மட்டும், ஏன் இப்படி மெலிந்திருக்கிறாய் என்று அதன்பின் யாரும் கேட்கவே இல்லை.