சோனாபாய் அக்காவுக்கு எதற்கு உங்கள் பொன்னாடை?

செவ்வாய்க்கிழமை காலை, முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நான் வேலையில் நின்றபோது சோனாபாய் அக்காவின் மகள் அழைத்தார். "அம்மா போயிட்டாங்க, அக்கா." அரை மணி நேரத்தில் எங்கள் கோயில் தலைவரும் அழைத்தார். "பெரியதொரு ஆன்மீகவாதியை இழந்திட்டம், பிள்ளை. அஞ்சலி உரை நான்தான் செய்யவேணும்." அழுகையை முந்திக்கொண்டு அருவருப்பு வந்தது.

அக்கா தருமபுரிப் பக்கம், பஞ்சாரா மக்களின் குடியிருப்பான தாண்டா ஒன்றில் பிறந்தவர். அங்கே சாராயம் ஊற்றாமல் நிச்சயதார்த்தம் நடக்காதாம். மகளின் நிச்சயத்தன்று, "சாராயம் கிடையாது, பச்சத் தண்ணிதான் தர்றேன். பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போங்க" என்றாராம். பாதிப் பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களோடு அவருடைய வழிபாட்டுக் கூட்டம் தொடங்கியது. அதில் குடியும் ஆட்டுப் பலியும் கிடையாது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

மகளோடு ரொறன்ரோ வந்தபின் என்னுடன் அதே சலவை அறையில் படுக்கைவிரிப்பு மடித்தார். ஞாயிறுகளில் டோர்செட் பார்க் மாடிக்கட்டடத்தின் பொதுமண்டபத்தில் ஏழெட்டுப் பஞ்சாராக் குடும்பங்களை வழிபாட்டுக்குக் கூட்டினார். குடிகாரக் கணவன்மார் வாய்த்த யாழ்ப்பாணத்துப் பெண்களும் போனோம்.

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்கு அக்கா வந்து என் கணவர் முன்னால் உட்கார்ந்தார். கணவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். "நல்லாத் திட்டுங்க. பாட்டிலைத் தொறக்காமத் திட்டுங்க" என்றார் அக்கா. மாதக்கணக்கில் வந்தார். இன்று என் வீட்டில் போத்தல் இல்லை.

கோயில் மண்டபத்தில் பேச ஒருநாள் அனுமதி கேட்டார். தலைவர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "லம்பாடியின்ர உபதேசம் கேக்கவோ நாங்கள் கோயில் கட்டினது?" பஞ்சாரா மக்களின் இன்னொரு பெயரையே வசைச்சொல்லாக்கிய பெருமை நம்முடையது.

"லம்பாடிதாங்க. மாட்டுமேல உப்பு ஏத்தி ஊர் ஊராக் கொண்டுபோய்க் குடுத்தவங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியேறினார். பிரசாதத் தட்டோடு நின்ற நான் வாய் திறக்கவில்லை. தலைவரை வெறுக்கும்போதெல்லாம் என்னையும் சேர்த்தே வெறுக்கிறேன்.

சனிக்கிழமை இறுதிச்சடங்கு. பொன்னாடையோடும் நான்கு பக்க உரையோடும் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "எங்கட சமூகத்தின்ர அணையாத விளக்கு..."

எழுந்தேன். "அண்ணை, இவவை அண்டைக்கு என்னெண்டு கூப்பிட்டனீங்கள்? முதல் அதைச் சொல்லுங்கோ."

"உது பழைய கதை, பிள்ளை."

"எனக்கு இல்லை. நானும் அங்கை நிண்டு பேசாமல் இருந்தனான். அதையும் சொல்லிப்போட்டுத்தான் இருப்பன்."

தலைவர் உரையை மடித்தார். பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார். அவரை மறிக்க ஒருவரும் எழவில்லை.

பிறகு மகள் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு தங்கள் மொழியில் பாடி அழத் தொடங்கினார். பஞ்சாராப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எங்களைச் சுற்றிக் கைகோத்தார்கள். அந்த ஒப்பாரியில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. தெரிந்த மொழியில் சொன்னேன்: போயிட்டு வாங்கோ, அக்கா.