மாமி சொன்ன ‘மிஸ்’

போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, நோர்வேயில் இருந்த மாமா தம் வெள்ளைக்கார மனைவியை முதன்முறையாக எங்கள் ஊரான கோப்பாய்க்குக் கூட்டிவந்தார். நான் அப்போது தரம் ஏழு. ஆங்கிலத்தில் வகுப்புக்கே முதலாவது. மாமிக்குத் தமிழ் தெரியாது, மாமாவைத் தவிர வீட்டில் மற்றவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. மாமா வெளியே போனால் நான் இல்லாமல் ஒரு பேச்சும் நடவாது என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். குழம்பு உறைத்து மாமி கண்ணீர் வடித்தபோது, அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

ஒரு நாள் மாமா சந்தைக்குப் போயிருந்தார். அம்மாவின் அக்காவான பெரியம்மா, மாமிக்கென்று பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தார். இறுதிப் போரில் காணாமல் போன அண்ணை அவருடைய ஒரே மகன். அண்ணையின் படத்தையும் காட்டுவதற்காக எடுத்துவந்திருந்தார். மாமி அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு பெரியம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: “யூ மஸ்ட் மிஸ் ஹிம்.”

“என்ன சொல்லுறா, பிள்ளை?”

சின்ன வசனம்தான். ‘மஸ்ட்’ என்றால் வேண்டும். ‘மிஸ்’ என்றால் விடுவது. பஸ்ஸை மிஸ் பண்ணினால் பஸ்ஸை விட்டுவிட்டோம். எங்கள் ரீச்சரையும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம், ஆனால் அந்தக் கருத்து இங்கே பொருந்தாது என்று தள்ளிவிடும் அளவுக்கு எனக்கு அறிவிருந்தது.

“நீங்கள் அண்ணையை விட்டிட வேணுமாம், பெரியம்மா.”

பெரியம்மா மாமியின் கையிலிருந்து படத்தை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். மாமி குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். நான் கடமை முடிந்த திருப்தியில் ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தேன்.

மாமா படலையைத் திறந்து உள்ளே வந்ததும் பெரியம்மா எழுந்தார்.

“தம்பி, உன்ரை மனுசிக்குச் சொல்லு. நான் பெத்த பிள்ளையை நான் ஏன் விடவேணும்?”

மாமா திகைத்துப்போய் மாமியைக் கேட்டார். மாமி அதே வசனத்தைத் திரும்பச் சொன்னார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த மீதிப் பணியாரத்தைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

“அக்கா, அவ அப்பிடிச் சொல்லேல்லை. அந்தச் சொல்லுக்கு வேறை கருத்தும் இருக்கு. அவன் இல்லாமல் உங்களுக்கு எவ்வளவு…” அதற்கு மேல் மாமாவுக்குத் தமிழ் வரவில்லை. பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் கிணற்றடிக்கு ஓடி வாழைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமியே தேடிவந்து என் கையைப் பிடித்தார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. அவர்கள் திரும்பிப் போகும்வரை ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

ஒரு சொல்லின் மற்றக் கருத்துத் தெரியாததுதான் என் குற்றம் என்று எண்ணி அன்று கூசினேன். அவ்வளவு கொடிய வசனத்தைக் கேட்டும் பெரியம்மா, “சரியாக் கேட்டனியோ, பிள்ளை?” என்று ஒருதரம்கூட ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும், அம்மாவும்கூட, அண்ணையை விட்டிட வேணும் என்றுதான் அவருக்கு ஏற்கெனவே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.