சிவப்புக் கோடு

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, கடலூரில் அவர் வேலை பார்த்த மருந்து கம்பெனியிலேயே என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கீரப்பாளையத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவேன். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடுகிற வேலை. ஹால் சுவரில் ஒரு போர்டு, அதில் ஒரு சிவப்புக் கோடு. "இதான் பெஞ்ச்மார்க்," என்றார் மேனேஜர். ஹாலிலேயே யார் தப்பில்லாமல் அதிகம் போட்டார்களோ, அந்த அளவை எல்லோரும் எட்ட வேண்டுமாம். எட்டினால்தான் பர்மனென்ட். இல்லையென்றால் வருஷக் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கோ பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள்.

அது யார் போட்ட அளவு என்று யாரும் மூச்சு விடவில்லை. பக்கத்து மேஜைக்காரிதான் ஒருநாள் எரிச்சலில் கொட்டிவிட்டாள்.

"அந்த மனுசன் செத்தும் நம்மள உடமாட்டேங்குறாரு பாரு!"

சொன்னவள் என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்படியென்றால் அந்தக் கோடு என் வீட்டுக்காரர் போட்ட அளவு. அன்றிலிருந்து கை கொஞ்சம் தளர்ந்தாலும் அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் சட்டை வாசனைகூட வரும். திரும்பிப் பார்க்கப் பயம். கோபமும் வந்தது. பாவி மனுஷன்! இருந்தவரை "மெதுவா சாப்புடு, யாரு தொரத்துறா" என்பார். இப்போது அவரே துரத்துகிறார்.

மாதக்கணக்கில் கோட்டுக்குக் கீழேயே கிடந்தேன். "இன்னும் கொஞ்சம் ஸ்பீடும்மா," என்பார் மேனேஜர். என் வீட்டுக்காரர் எவ்வளவு போட்டார் என்று எழுதி வைத்தவர்கள், எப்படிப் போட்டார் என்று பார்த்து வைக்கவில்லை.

ஒருநாள் மகளுக்குச் சோறு பிசையும்போதுதான் சட்டென்று உறைத்தது. அவர் இடக்கைக்காரர், சோறுகூட இடக்கையால்தான் பிசைவார். எங்கள் மேஜைக்கு அட்டைகள் பெல்ட்டில் இடப்பக்கமிருந்துதான் வரும். நாங்களெல்லாம் வலக்கையைக் குறுக்கே நீட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் இடக்கையால் எடுத்து, வலக்கையில் பிடித்த பெட்டிக்குள் நேரே தள்ளியிருப்பார். வீட்டில் காலி தீப்பெட்டிகளை வைத்து இடக்கையைப் பழக்கினேன். மகள் சிரிசிரியென்று சிரித்தாள்.

கடைசியில் கோட்டைத் தாண்டியே விட்டேன். ஹாலே கை தட்டியது. மேனேஜர் சிரித்துக்கொண்டே ஈரத்துணியோடு போர்டுக்குப் போனார்.

"இனிமே ஒங்க அளவுதாம்மா பெஞ்ச்மார்க். பர்மனென்ட் ஆயிட்டீங்க!"

"சார், அத அழிக்காதீங்க!"

அதற்குள் துடைத்துவிட்டார். நான் போட்ட கத்தலில் பெல்ட்டையே நிறுத்திவிட்டார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட நான் அப்படிக் கத்தவில்லை.