பத்தைத் தாண்டாத முள்ளு

சைக்கிளுக்குப் பூட்டுகிற மீற்றரை மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டியவர் வட்டக்கச்சியில் என் மாமா ஒருவர்தான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆசைக்கு அவர் அதைச் செய்யவில்லை, அம்மாவின் பிடிவாதத்துக்குச் செய்தார். பிடிவாதத்தில் அம்மாவை வெல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை, என்னைத் தவிர.

எனக்குப் பிறகு வந்த பிள்ளை அம்மாவின் வயிற்றில் தங்கவில்லை. கிளினிக்குக்குப் போன வழியில், யாரோ ஏற்றிப்போன மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் விழுந்தெழும்பியதுதான் காரணம் என்று அம்மா நம்பினா. டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. டொக்டர் சொல்லி அம்மா எதைத்தான் கேட்டா? மூன்று வருசம் கழித்து மறுபடி பிள்ளைத்தாச்சியானபோது, இனி மோட்டார் சைக்கிளில் ஏறமாட்டேன் என்று நின்றா. அப்பாவுக்கோ இழுப்பு. இன்னொரு ஆளைச் சைக்கிளில் ஏற்றிக் கிளிநொச்சி கிளினிக் வரை மிதிக்க மூச்சு விடாது. மிஞ்சியது மாமாவும் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளும்தான்.

பெற்றோல் கிடைக்காமல் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய யுத்த காலம் அது. இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி உதைத்தால், ஊருக்கே கொசு கலைக்கிற அளவுக்குப் புகை விட்டுக்கொண்டு கிளம்பும். அதன் சொந்த மீற்றர் செத்துக் கனகாலம். மாற்றச் சாமான் கடைகளில் இல்லை.

அம்மா கடைசியில் ஒரு வழிக்கு வந்தா.

"இவரின்ர சைக்கிள் மீற்றரைக் கழட்டிப் பூட்டு. முள்ளு பத்தைத் தாண்டினா நான் குதிச்சிடுவன்."

அப்பாவின் சைக்கிளில் அம்மா ஊருக்குள் போய்வந்த வேகம் மணிக்குப் பத்து மைல். அந்த மீற்றரின் பத்தைத்தான் அவ நம்பினா. எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துகொண்டு முள்ளைப் பார்த்து உரக்க வாசிப்பது என் வேலை. மாமா அதைக் கழற்றிக்கொண்டு போய், பால்மா டின்னில் தகடு வெட்டி, பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டி, முன்சில்லிலிருந்து கேபிளையும் இழுத்துப் பூட்டி முடிக்க இரண்டு நாள் எடுத்தது. முள்ளு அசைந்தபோது அவரைப் பிடிக்க முடியவில்லை.

முதல் பயணத்தில் என்னையும் முன்னால் வைத்துக் கொண்டுபோனார்கள். முள்ளு பத்தில் அசையாமல் நின்றது. பின்னால் இரண்டு மூட்டை உமி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்தினார். முந்தும்போது திரும்பிப் பார்த்து, "எண்ணெய் முடிஞ்சுதோ தம்பி?" என்று கேட்டார். மாமாவின் முகம் செத்துப்போனது. அம்மாவுக்கோ அப்படி ஒரு சந்தோசம்.

அன்று பின்னேரம் அப்பா இரண்டு சில்லையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சைக்கிள் சில்லு பெரியது, மோட்டார் சைக்கிள் சில்லு சின்னது. அதே தூரம் போகச் சின்னச் சில்லு கூடத் தரம் சுற்றவேண்டும். மீற்றர் சுற்றைத்தானே எண்ணுகிறது? அது பத்து என்று காட்டினால் உண்மையில் எட்டுத்தான். மாமா உடனே அம்மாவிடம் சொல்லப் போனார். அப்பா மறித்தார்.

"விடு மச்சான். அவ நிம்மதியா இருக்கிறா. நீ கொஞ்சம் மெதுவாப் போனா குடியே முழுகப்போகுது?"

என்னிடமும் சத்தியம் வாங்கினார்கள். மாசாமாசம் மாமா உமி மூட்டைகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வழிவிட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போய்வந்தார்.

பிள்ளை பிறக்க இன்னும் நாள் கிடக்க, ஒரு காலமை அம்மா குசினி வாசலில் நிலையைப் பிடித்தபடி இருந்துவிட்டா. சீலை நனைந்து இரத்தமாக இருந்தது. அப்பா வயலில். மாமா ஓடிவந்து அம்மாவைத் தூக்கி ஏற்றினார். அந்த நிலையிலும் அம்மா, "தம்பி, பத்து" என்றா.

"ஓம் அக்கா. ஒருக்கா இரு, சில்லைப் பாக்கிறன்" என்று மாமா முன்பக்கம் குனிந்தார். பிறகு ஏறி, போர்வையால் அம்மாவைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு என்னிடம், "பிள்ளை, ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றுவிட்டு உதைத்தார்.

புகை கலைந்தபோது நிலத்தில் கேபிள் கிடந்தது.

கேபிள் இல்லாவிட்டால் முள்ளு ஓடாது. வேகம் தெரியாவிட்டால் அம்மா பயந்து குதித்துவிடுவா. அவதானே சொன்னவ! எங்கள் வீட்டு ஒழுங்கை சுற்றிக்கொண்டுதான் ரோட்டில் ஏறும், வாய்க்கால் கட்டால் போனால் ரோட்டு மதகடி கிட்ட. கேபிளைத் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடினேன்.

மதகில் ஏறி நிற்கவும் அவர்கள் வரவும் சரியாக இருந்தது. அப்படி ஒரு வேகத்தை அந்த மோட்டார் சைக்கிளில் நான் கண்டதில்லை. "மாமா, கேபிள்!" என்று கையை உயர்த்திக் கத்தினேன். மாமா திரும்பவில்லை. அம்மா பார்த்தா. என் முகத்தைப் பார்த்தா, கையில் தொங்கிய கேபிளைப் பார்த்தா, மாமாவின் தோளுக்கு மேலால் எட்டி மீற்றரைப் பார்த்தா. பிறகு மாமாவின் முதுகில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டா. மாமா நிற்காமல் போய்விட்டார்.

வயலுக்கு அழுதுகொண்டு ஓடினேன். அப்பாவிடம் முதலில் கேபிளைப் பற்றித்தான் சொன்னேன், அதற்குப் பிறகுதான் அம்மாவைப் பற்றி. அப்பா இழுப்போடு சைக்கிளை மிதித்தார்.

தங்கச்சி அன்று மத்தியானமே பிறந்தாள், ஒரு கையில் அடங்குகிற அளவு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டொக்டர் சொன்னாராம்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி மாமாவைப் பிடித்துக்கொண்டா. "வயித்துப்பிள்ளைக்காரியை இப்பிடிப் பறக்க அடிச்சுக்கொண்டு போறதோ? ஒண்டு கிடக்க ஒண்டு நடந்திருந்தா? கண்ட சனம் எல்லாம் கதைக்குது."

பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "ஆர் கதைச்சது? முள்ளைப் பாத்துக்கொண்டு போனவள் நான். முள்ளு பத்தைத் தாண்டவேயில்லை" என்றா.

மாமா எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவ அவருக்கு அவ்வளவு நேரம் ஏன் எடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். அம்மா பாவம் என்று நானும் விட்டுவிட்டேன். எவ்வளவு கெட்டிக்காரி, அவவையே மாமா ஓடாத மீற்றரைக் காட்டி ஏமாற்றிவிட்டாரே என்று கனகாலம் அவவுக்காக இரங்கிக்கொண்டிருந்தேன்.