பாயில் கிடந்த உருக்கள்

புளியங்கூடல் மீனலோசனிக்குப் பயப்படப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டாம். கோழி நேரத்துக்குக் கூடடையாவிட்டாலே நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்டவளின் புருசன் கனகசபை, எண்பத்தேழில் புகையிலை விற்க யாழ்ப்பாணம் போன அன்றுதான் அங்கே ஷெல் விழுந்தது. ஆமிக்காரர் பாதையை மூடிவிட்டார்கள். காயப்பட்டவர்களில் அவனும் ஒருவனாம் என்று யாரோ சொன்னதோடு சரி. ஐந்து நாளாக வேறு சேதி இல்லை.

கண்ணில் நோவென்றால் கண், காலில் நோவென்றால் கால் என்று உருச் செய்து நயினாதீவு அம்மனுக்கு நேர்வது வழக்கம். இவனுக்கு எங்கே பட்டதென்று யாருக்குத் தெரியும்? காலுக்கு நேர்ந்துவிட்டு, காயம் கழுத்தில் இருந்தால்? பாழாய்ப்போன மனம் சும்மா இருக்குமா! முழு ஆளுக்குமே நேர்ந்துவிட்டாள். வெள்ளியில் செய்விக்க வழியில்லை. குளத்துக் களிமண்ணை அள்ளிவந்து கண், காது, நெஞ்சு, கை, கால் எல்லாம் அவன் அளவுக்கே பிடித்தாள். முதுகைக்கூட விடவில்லை.

ஏதும் விடுபட்டதோ என்று பார்க்க, தலைமாடு தெற்கே வர வாசல் விறாந்தைப் பாயில் ஒழுங்காக அடுக்கினாள். மண் வெடிக்காமலிருக்கக் கனகசபையின் வேட்டியை நனைத்து மேலே போர்த்தாள். பிறகு கிணற்றடிக்குக் கை கழுவப் போனாள். கொஞ்சமாவது யோசித்தாளா?

அந்த நேரம் பார்த்துக் கனகசபையின் தமக்கை இலட்சுமிப்பிள்ளை வந்தாள். பிணத்துக்கு வைப்பதுபோலத் தெற்கே தலை, வெள்ளை வேட்டி, வெளியே நீட்டியபடி மண் பூசிய பாதம். தம்பியைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள் என்று மாரடித்துக் குழறினாள். ஒழுங்கைச் சனமே திரண்டு வந்தது. வேட்டியைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த மீனலோசனியோ, கையில் களிமண் காயுமுன்னரே, தன் புருசனின் சேதிதான் வந்துவிட்டதென்று விழுந்து புரண்டாள். தான் பிடித்த உருவென்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

பாதை திறந்து யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டு ஏரம்பு, வேலிப் படலையடியில் திகைத்து நின்றான்.

"அண்ணை உயிரோட இருக்கிறார், அக்கா," என்றான். "வலக்கையைத்தான் ஆசுப்பத்திரியில மணிக்கட்டோட எடுத்துப்போட்டினம்."

மீனலோசனி எழும்பிப் பாயடிக்குப் போய் வேட்டியை விலக்கினாள். வலக்கையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை லாஞ்சில் நயினாதீவுக்குப் போய், சுட்ட உருக்களை ஓலைக் கடகங்களோடு அம்மன் முன்னால் வைத்தாள். சிவசிதம்பரம் ஐயர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"வலக்கையைக் காணேல்லையே, பிள்ளை?"

"அது வீட்டில இருக்கு, ஐயா. தரமாட்டன்," என்றாள். "அம்மாளிட்டை ஏற்கெனவே ஒண்டு இருக்கு."