தக்காளித் தொட்டியும் பல்லில்லாத கறுப்பியும்

தையல்கார அக்காவுக்குச் சாப்பிடும் பொருளைக் குப்பையில் போட மனம் வராது. கடவுள் கொடுத்ததை வீணாக்கலாமா என்பார். இப்போது அவருடைய நாய் கறுப்பிக்கு வயதாகிப் பல் கொட்டிவிட்டது. கடினமான உருண்டைத் தீவனத்தை அது முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அரை மூட்டை மிச்சம் கிடந்தது.

செடிக்கு உரமாகப் போடலாம் என்று ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண் சொன்னதும், அக்காவின் முகம் மலர்ந்தது. அவர் வைத்த தக்காளி எதுவும் இதுவரை காய்த்ததில்லை. இப்போது தொட்டியில் இருந்த செடிதான் முதன்முதலாகப் பூத்திருந்தது. வேரைச் சுற்றி இரண்டு கை தீவனம் போட்டு, மண்ணை மேலாகத் தள்ளி, தண்ணீர் ஊற்றி, கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தொட்டி மண் வெளியே சிதறிக் கிடந்தது. செடி சாய்ந்திருந்தது.

"பெருச்சாளி வேலையா இருக்கும்" என்றார் அக்காவின் கணவர்.

"பெருச்சாளி மூக்குல மண்ணோட வாலாட்டிக்கிட்டு நிக்குமா? அங்க பாருங்க!"

ஈரத்தில் ஊறி மெத்தென்றான உருண்டைகளைக் கறுப்பி ஒன்று விடாமல் விழுங்கியிருந்தது.

"அட, ஊற வெச்சுக் குடுத்திருக்கலாமே! எனக்குத் தோணவே இல்லீங்க."

"எனக்குந்தான் பல்லு ஆடுது. என்னிக்காவது எனக்கு எதையாவது ஊற வெச்சியா?"

சிரித்துக்கொண்டே அக்கா செடியை நிமிர்த்தி, துணி நாடாவால் குச்சியில் கட்டினார். அன்று முதல் தீவனம் கிண்ணத்தில் ஊறியது. மூட்டையின் அடித்தூளை மட்டும் தொட்டியில் ஆழப் புதைத்து, மேலே பழைய இஸ்திரிப் பெட்டியை வைத்தார்.

மூன்றாம் வாரம் கோலிக்குண்டு அளவில் ஒரு காய் தெரிந்தது.

"ஆண்டவனே, உனக்கு நன்றி" என்று கைகூப்பியவர், கறுப்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்குந்தான்டி, திருட்டுக் கழுதை."